கியர்பாக்ஸுக்குக் காய்ச்சல் வந்தா?

கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. மேனுவல் வண்டிக்காரர் கிளட்ச்சை நினைச்சுக் கவலைப்படுவார். ஆட்டோமேட்டிக்காரர் ஜாலியா பாட்டு கேட்டுக்கிட்டே போவார். ஆனா நிஜமா வேகுறது அவர் வண்டி கியர்பாக்ஸ்தான்.

டார்க் கன்வெர்ட்டரை எதிரெதிரே வச்ச ரெண்டு ஃபேனா நினைச்சுக்கோங்க. ஒன்றை எஞ்சின் சுற்றும். அது தள்ளும் ஆயில் மற்றதைச் சுற்றும். ரெண்டுக்கும் வேக வித்தியாசம் இருக்கிற வரைக்கும் எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு சூடாகவே வீணாகும். ஹைவேயில் லாக்-அப் கிளட்ச் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிடும், பிரச்சினை இல்லை. மலையில் மெதுவா ஏறும்போது அது பெரும்பாலும் பிடிக்காது. அந்தச் சூடு மொத்தமும் ஆயில் தலையில். உள்ளே கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், கியருக்கு வழவழப்பு தருவதும் அதே ஆயில்தான். 80, 90 டிகிரி அதுக்குச் சாதாரணம். 120-க்கு மேலேயே நின்றால் ஆயில் கருகும், சீல்கள் இறுகும்.

அதனால கூலர் வாங்குறதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க. டிப்ஸ்டிக் இருக்கிற வண்டின்னா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதிச்சபடி லீவரை எல்லா பொசிஷனுக்கும் ஒருமுறை கொண்டு போய் பார்க்கில் போடுங்க. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். சில வண்டிகளில் ஆஃப் பண்ணித்தான் பார்க்கணும், அதனால மேனுவலைப் புரட்டுங்க (அதை யார் படிக்கிறாங்கன்னு கேட்காதீங்க). புது வண்டிகள் பலதில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் சொன்ன வெப்பநிலைக்கு வந்ததும் அடியில் இருக்கும் லெவல் பிளக்கைத் திறந்து பார்க்கணும். அது லிஃப்ட்டும் ஸ்கேனரும் இருக்கிற வொர்க்‌ஷாப் வேலை.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்க. சிவப்புன்னா நிம்மதி. கரும்பழுப்பா, தீஞ்ச வாடையோட இருந்தா சூடு தின்னிருக்கு. ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் மாதிரி இருந்தா கூலன்ட் கலந்திருக்கு, வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தணும். அதிகமானால் சுழலும் பாகங்கள் கடைஞ்சு நுரையாக்கிடும், பிரஷர் போயிடும்.

ஏஎம்டி வண்டிக்கு இந்தக் கதை பொருந்தாது. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் மெஷின் மாத்துது, அவ்வளவே. சிவிடிக்கு ஆயிலே வேற, மாத்தி ஊத்தினா பெல்ட் போச்சு.

இப்போ கூலர். பல வண்டிகளில் ஆயில் ரேடியேட்டர் டாங்க்குக்குள்ளே போய்த்தான் ஆறும். அங்கே கூலன்ட்டை விடக் குளிர்ச்சியா அது இறங்கவே முடியாது. கூடுதல் கூலரை ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் லைனில் போடணும், காத்து கடைசி வேலையைச் செய்யும். இடம், ஏசி கண்டென்சருக்கு முன்னாடி. மலையில் வண்டி வேகம் குறைவு, அங்கேதான் ரேடியேட்டர் ஃபேன் காத்தை இழுத்துக் கொடுக்கும். ஹோஸ் மட்டும் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கானதா இருக்கணும். பெட்ரோல் ஹோஸை மாட்டிக்கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. வாரண்டி மீதி இருந்தா முதல்ல கம்பெனியைக் கேளுங்க. ஏற்கெனவே கியர் வழுக்குற பெட்டியை எந்தக் கூலரும் காப்பாத்தாது.

மாட்டினதும் லெவலை மறுபடி பாருங்க. கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைக் குடிச்சிருக்கும்.