கை போன போக்கில் – 11: அரசு தடை போட்ட மரக்கட்டைகள்

போன வாரம் மாண்டிசோரியை ரோமில், சான் லொரன்சோ குடியிருப்பில் விட்டோம். இந்த வாரம் அடையாறுக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு ஜெர்மானியர் வழிமறித்துக்கொண்டார்.

ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தவர். இது பி.எட். படித்த எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் பெர்லினில் பேராசிரியர் வைஸிடம் உதவியாளராக இருந்து, கனிமக் காட்சிசாலையில் படிகங்களை வகைபிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார் என்பது தெரியுமா? எனக்கு இந்த வாரம் வேறு எதுவும் ஓடவில்லை. இந்துப்புக் கட்டியைத் தட்டிப் பாருங்கள். குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகளாகவே உடையும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்தான் குழந்தைகளுக்கான கட்டைகளையும் வடிவமைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் 'பரிசுகள்' என்று அழைத்த வரிசையில் மூன்றாவது, ஒரு மரப்பெட்டி. உள்ளே எட்டுக் கட்டைகள், ஒவ்வொன்றும் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம். பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, மூடியை உருவி, மெல்லத் தூக்க வேண்டும். எட்டும் சிதறாமல் ஒரே கட்டையாக நிற்கும். குழந்தை முதலில் முழுசைப் பார்க்கிறது. பிறகு இரண்டாகப் பிரிக்கிறது, நாலாக, எட்டாக. அரை, கால், அரைக்கால் எல்லாம் வாய்ப்பாடு தொடங்கும் முன்பே விரலுக்குள் வந்துவிடுகின்றன. கட்டியதை இடிக்கக் கூடாது, ஒரு கட்டையையும் மிச்சம் வைக்கக் கூடாது. கட்டிய நாற்காலியில் ரெண்டு கட்டையை நகர்த்தினால் படிக்கட்டு. மூன்று வயதில் நாலு கோடு நோட்டைக் கையில் திணிக்கும் பள்ளிகள் இதை ஒரு நாள் செய்து பார்க்கலாம்.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் அம்மா 1876-ல் ஃபிலடெல்பியா கண்காட்சியில் இந்தப் பரிசுகளைப் பார்த்துவிட்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. தன் கட்டடங்களுக்கான விதை அந்தக் கட்டைகளில் இருந்ததாகக் கிழவரான பிறகும் ரைட் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டைகளைக் கண்டுதான் பிரஷ்ய அரசு மிரண்டது. 1851-ல் நாத்திகம், சோஷலிசம் என்று குற்றம்சாட்டிக் கிண்டர்கார்ட்டன்களுக்குத் தடை போட்டது. கூத்து என்னவென்றால், அமைச்சரைக் கடுப்பேற்றிய பிரசுரத்தை எழுதியவர் ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல். சித்தப்பா முறையிட்டும் பலிக்கவில்லை. மறு வருடமே இறந்துபோனார். தடை 1860-ல்தான் நீங்கியது. அதற்குள் சீடர்கள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டிகளோடு போய்விட்டார்கள்.

தடையைவிடப் பெரிய கெடுதலைச் செய்தவர்கள் சீடர்களில் சிலர்தான் என்பேன். ஆசிரியை மேசையருகில் நின்று "வலது கட்டையை எடு, முன்னால் வை" என்று சொல்லச் சொல்ல, வகுப்பே ஒரே மாதிரி அடுக்கியது. கட்டை குழந்தையின் கையில், யோசனை டீச்சரிடம். செய்முறைக் கல்வி என்று விளம்பரப் பலகை மாட்டும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அடுத்த கட்டை எங்கே என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பக்கம் தீர்ந்துவிட்டது. 1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னையில் இறங்கியதும், அடுத்த வருடமே மகன் மரியோவை ஆங்கில அரசு முகாமில் அடைத்ததும் அடுத்த வாரம். இந்த முறை யார் மறித்தாலும் நிற்பதாக இல்லை.