புங்குவே ஆற்றுமுகம்
பெய்ரா, சோஃபாலா மாகாணம், மொசாம்பிக்

உங்கள் முன் விரியும் பழுப்பு நிற நீர் புங்குவே ஆறு. ஜிம்பாப்வேயின் நியாங்கா மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 400 கி.மீ. ஓடி, இங்கே இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஓதம் இங்கே 6 மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வற்றும் நேரத்தில், அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றில் குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பதைக் காணலாம்.

துறைமுகம்
1887இல் போர்ச்சுகீசியர் பெய்ராவை நிறுவினர். 1890களில் இங்கிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போடப்பட்டது. கடற்கரை இல்லாத ஜிம்பாப்வே, மலாவி, ஜாம்பியா நாடுகளின் சரக்குகள் இன்றும் இத்துறைமுகம் வழியே செல்கின்றன. ஆறு கொண்டுவரும் வண்டல் கப்பல் தடத்தில் படிவதால், அதைத் தொடர்ந்து தூர்வார வேண்டியிருக்கிறது. 2019 மார்ச்சில் இடாய் புயல் இந்நகரைக் கடுமையாகத் தாக்கியது; புங்குவே, பூசி ஆறுகளின் வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கின.

வனவிலங்குகள்
ஆற்றின் மேற்பகுதியில், வடகரையில் உள்ளது கோரோங்கோசா தேசியப் பூங்கா (1960). மழைக்காலத்தில் உரேமா ஏரி பெருகிச் சமவெளியை மூடும். வெள்ளம் வடிந்ததும் துளிர்க்கும் புல்லை நாடி மான் கூட்டங்கள் வரும். ஏரியில் நீர்யானைகளும் முதலைகளும் வாழ்கின்றன.

1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், பூங்காவின் யானைகளில் பத்தில் ஒன்பது அழிந்தன. தந்தத்துக்காக நடந்த வேட்டையில், பிறவியிலேயே தந்தமில்லாத பெண் யானைகளே அதிகம் தப்பின. அவற்றின் வழிவந்த பெண் யானைகள் பலவும் தந்தமின்றியே பிறக்கின்றன. 2004 முதல் நடைபெறும் மீட்புப் பணியால் விலங்குகளின் எண்ணிக்கை மீண்டும் பெருகி வருகிறது.