பேப்பர் செய்தியில் சிக்கியது துப்பு! வெயில் ஆகாத குழந்தைகளுக்காக 4 நாட்டு விஞ்ஞானிகள் கூட்டு வேட்டை

வெயில் பட்டால் முகமெல்லாம் கரும்புள்ளி. பலருக்குப் பத்து வயசுக்குள்ளேயே தோலில் புற்றுநோய்! இப்படி ஒரு பயங்கர வியாதி இருக்கிறது. பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம். வாயில் நுழையாத இந்தப் பெயரை டாக்டர்கள் "எக்ஸ்.பி." என்று சுருக்கிவிட்டார்கள்.

இந்த நோயின் மர்மத்தை உடைக்க அமெரிக்கா, ஹாலந்து, இங்கிலாந்து, ஜப்பான் விஞ்ஞானிகள் கைகோர்த்தார்கள். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது, நம்புங்கள், ஒரு பத்திரிகைச் செய்திதான்!

அதன் விவரம் வருமாறு:-

ஒட்டிக்கொண்ட எழுத்து

நம் உடம்பில் கோடானுகோடி செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல். அதில் அப்பா வழி 300 கோடி எழுத்து, அம்மா வழி 300 கோடி எழுத்து.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் இந்த நூலில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த கணக்கு நோட்டில் தாள் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. அப்படியே விட்டால் கணக்கு தப்பாகும். முடிவு புற்றுநோய்.

ஆனால் செல்லுக்குள்ளேயே ரிப்பேர் ஆட்கள் உண்டு. ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சுமார் 30 எழுத்தை வெட்டி எறிவார்கள். எதிர்ப்பக்க நூலைப் பார்த்துப் புதிதாக எழுதிவிடுவார்கள். கிழிந்த சட்டைக்குத் தையல்காரர் ஒட்டுப் போடுகிற வேலைதான். 1964-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைப் பாக்டீரியாக் கிருமியில் கண்டுபிடித்தார்கள்.

படித்தார், பாய்ந்தார்!

சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் கிளீவர் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். இங்கிலாந்திலிருந்து போனவர். மனுஷ செல்லில் இந்த ரிப்பேர் வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் அவரது கேள்வி. அப்படிப்பட்ட செல்லுக்கு எங்கே போவது?

1967-ல் ஒரு நாள் உள்ளூர் பத்திரிகையில் எக்ஸ்.பி. நோய் பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. வெயில், புள்ளி, புற்றுநோய்! உடனே நோயாளிகளின் தோல் துண்டுகளை வாங்கி, செல்களை வளர்த்து, புற ஊதா வெளிச்சம் காட்டினார். சாதாரண ஆளின் செல் ரிப்பேர் வேலையைத் தொடங்கியது. எக்ஸ்.பி. செல் ஏறக்குறைய சும்மா கிடந்தது!

1968-ல் "நேச்சர்" இதழில் கட்டுரை வந்தது. டி.என்.ஏ. ரிப்பேர் கெட்டால் மனுஷனுக்குப் புற்றுநோய் வரும் என்பதற்குக் கையும் களவுமாகக் கிடைத்த முதல் சாட்சி அது.

குற்றவாளி ஒருவர் அல்ல

கேஸ் அத்தோடு முடியவில்லை. ஹாலந்தில் ராட்டர்டாம் நகரில் டிர்க் பூட்ஸ்மா குழுவினர் 1972-ல் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு நோயாளிகளின் செல்களை இணைத்து ஒரே செல்லாக்கினார்கள். ஒருவருக்குத் தோல் கோளாறு மட்டும், மற்றவருக்கு நரம்பும் பாதிப்பு. என்ன ஆச்சரியம்! இணைந்த செல்லில் ரிப்பேர் நடந்தது!

செயின் இல்லாத சைக்கிள் ஒன்று, சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் ஒரு வண்டி ஓடும். இரண்டிலுமே செயின் இல்லையென்றால் ஓடாது. ஆக, இந்த இருவருக்கும் கெட்டுப்போன பாகம் வேறு வேறு.

அந்தக் காலத்தில் இங்கேதான் சிக்கல். ஒரு நோயாளியின் செல்லை மட்டும் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் எந்தப் பாகம் போச்சு என்று தெரியாது. இன்னொரு நோயாளியின் செல் பக்கத்தில் வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பாவில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இந்த நோய். ஜப்பானில் அதைவிடப் பல மடங்கு அதிகம். தனி ஆராய்ச்சிக்கூடம் என்ன செய்யும்? ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு செல்களை அனுப்பித்தான் ஆகவேண்டும். விஞ்ஞானிகளுக்குள் போட்டி பொறாமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் அனுப்பினார்கள்.

லாரி நம்பர் மாதிரி

நோயாளியின் பெயர் வெளியே தெரியாது. நம்பரும் ஊர் எழுத்தும் மட்டும். "எக்ஸ்.பி.12 ஆர்.ஓ." என்றால் ராட்டர்டாம். "எக்ஸ்.பி.2 ஓ.எஸ்." என்றால் ஜப்பானின் ஒசாகா. "பி.இ." என்றால் அமெரிக்காவின் பெதஸ்டா. லாரி நம்பரைப் பார்த்து எந்த ஊர் வண்டி என்று சொல்கிறோமே, அதே கதை! எந்த நாட்டுக் கட்டுரையில் இந்த நம்பர் வந்தாலும் எல்லோருக்கும் ஆள் தெரியும், பெயர் தெரியாது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் கேம்டனில் 1972-ல் பரம்பரை நோயாளிகளின் செல்களுக்கென்றே ஒரு "பாங்க்" திறந்தார்கள். 1974-ல் பிலிப் ஹனவால்ட், ரிச்சர்ட் செட்லோ இருவரும் கலிபோர்னியா மலைப்பகுதியில் மாநாடு கூட்டினார்கள். கிருமியை ஆராய்கிறவர்களும் மனுஷ செல்லை ஆராய்கிறவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

1975-ல் இங்கிலாந்தின் ஆலன் லேமன் குழு வேறு வகை ஒன்றின் கோளாறைப் பிடித்தது. அதில் வெட்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது, நகல் எடுப்பதில்தான் கோளாறு. கடைசியில் "ஏ" முதல் "ஜி" வரை ஏழு, இது ஒன்று, ஆக எட்டு! "ஏ" வகைக்குக் காரணமான ஜீனை 1990-ல் ஒசாகாவின் கியோஜி தனாகா குழு கையோடு பிடித்தது.

2015-ல் டி.என்.ஏ. ரிப்பேர் ஆராய்ச்சிக்கு வேதியியல் நோபல் பரிசு. லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூவருக்கு. மூன்று பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கிளீவர் பெயர் அதில் இல்லை. தோல் துண்டு கொடுத்த குழந்தைகளை யார் கேட்கப் போகிறார்கள்?

மருந்து உண்டா?

நோயை அடியோடு ஒழிக்க இன்னும் வழியில்லை. வெயில் படாமல் காப்பதுதான் வைத்தியம். நியூயார்க் மாநிலத்தில் இக்குழந்தைகளுக்கென்றே முகாம் நடத்துகிறார்கள். ஆட்டம் பாட்டம் எல்லாம் இருட்டிய பிறகு! லண்டனில் 2010 முதல் தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. தோல், கண், நரம்பு டாக்டர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்துவிடுகிறார்கள். குடும்பங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட ஜீன் வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் இடங்களில் அதிகம் காணப்படுகிறது. இந்தியாவிலும் நோயாளிகள் உண்டு. சிறிது நேர வெயிலுக்கே குழந்தையின் தோல் பொசுங்கினாலோ, இரண்டு வயசுக்குள் முகத்தில் புள்ளி புள்ளியாக வந்தாலோ, தாமதிக்காமல் தோல் டாக்டரிடம் காட்டவேண்டும்.