குறைந்த ஊதியமும் நிறைந்த உள்ளமும்

நம்மிடம் அரபி பயின்று, பின்னர்ப் பட்டம் பெற்றுச் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். வேலையின் நெருக்கடியால் உறக்கம் கெட்டது, தொழுகையில்கூட மனம் நிலைப்பதில்லை என்றார். சொந்த ஊரில் பாதி ஊதியத்துக்குப் பணியொன்று கிடைக்கிறது. அதை ஏற்பது இறைவன் தந்த நிஃமத்தை உதறுவதாகாதா என்பது அவருடைய ஐயம்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இதே ஐயம் பேரறிஞர் ஒருவரைப் படுக்கையில் வீழ்த்தியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் ஹி. 484இல் (கி.பி. 1091) பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமைப் பேராசிரியராக அமர்த்தினார். அவர்களிடம் பயின்ற மாணவர்கள் முந்நூறு பேர். ஓர் ஆலிம் அன்று அடையக்கூடிய பதவிகளில் அதனினும் உயர்ந்தது அரிது.

ஹி. 488 ரஜபில் (கி.பி. 1095) அவர்களுடைய நா பாடம் சொல்ல மறுத்தது. உணவும் நீரும் இறங்கவில்லை. உள்ளத்தில் தோன்றிய நோயே உடலில் இறங்கியுள்ளது, உள்ளம் ஆறாமல் மருந்தால் பயனில்லை என மருத்துவர்கள் கைவிரித்தனர். காலையில் பிறக்கும் துறவுறுதியை மாலையில் எழும் ஆசை கலைத்துவிட, ஏறத்தாழ ஆறு மாதம் தாம் தத்தளித்ததை 'அல் முன்கிது மினள் ளலால்' என்னும் நூலில் இமாமவர்களே விவரிக்கிறார்கள். தம் போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது அதில் புகழாசை கலந்திருக்கக் கண்டதே அந்நோயின் வேர். பாடம் நடத்தியது குற்றமன்று. எதற்காக நடத்தினோம் என்பதே அவர்களை வாட்டியது.

அவர்கள் பதவியைத் துறந்த முறை நம் கவனத்துக்குரியது. பிள்ளைகளின் வாழ்வுக்குப் போதுமானதை ஒதுக்கிவைத்த பின்னரே எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். மத்ரஸாவில் அவர்களிடத்தைச் சகோதரர் அஹ்மத் கஸ்ஸாலி ஏற்றார். குடும்பத்தையும் மாணவர்களையும் நட்டாற்றில் விட்டுச் செல்லவில்லை. ஆயினும் அந்த விலகலுக்குத் தீன் காரணமாயிருக்கும் என ஈராக்கின் உலமாக்கள் நம்பவில்லை. ஆளாளுக்கொரு காரணம் கற்பித்தனர். பெரிய வேலையை விட்டவனை ஊர் ஐயுறுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று.

அவர்கள் சோம்பியும் இருக்கவில்லை. நாற்பது நூற்பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' அந்த ஆண்டுகளின் விளைச்சலே. குடும்பத்துக்காகப் பொருளீட்டுவதன் சிறப்பையும் அதன் ஒழுக்கங்களையும் விளக்கத் தனிப்பகுதியே அதில் உண்டு.

விலகியபின் எல்லாம் இனிதாயிற்று என்றும் கூறுவதற்கில்லை. பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு ஈர்த்தது. வாழ்க்கைத் தேவைகள் தம் தனிமையின் தெளிவைக் கலக்கியதை அவர்கள் மறைக்கவில்லை. ஹி. 499இல் (கி.பி. 1106) நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். முன்பு பதவியைப் பெற்றுத்தரும் கல்வியைப் பரப்பினோம், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைக்கிறோம் என்பது அவர்கள் கண்ட வேறுபாடு.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று வினாக்கள் பிறக்கின்றன. நம்மை நம்பியிருப்போரின் தேவையும் நாம் பட்ட கடனும் குறைந்த ஊதியத்தில் நிறைவேறுமா? நம்மை வருத்துவது வேலையா, பிறரைவிட உயர வேண்டும் என்ற ஆசையா? ஆசையாயின் அது புதிய ஊருக்கும் உடன் வரும். மீளும் நேரத்தை எதற்குச் செலவிடப் போகிறோம்? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை இருப்பவர் குறைவானதை ஏற்பது நன்றிகேடாகாது. அது கனாஅத் எனும் போதுமென்ற மனமாகும். கடனையும் பெற்றோரின் மருந்துச் செலவையும் மறந்து விலகுபவர் அப்பெயரைச் சூடிக்கொள்ள இயலாது.

மாணவரிடம் வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை என்று வினவினோம். தம் ஊதியத்தைக் கடைசி ரூபாய் வரை அறிந்திருந்த அவருக்கு அது தெரியவில்லை. கணக்கிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்று ஸலாம் கூறி அனுப்பினோம்.