கடனில்லாத கிறிஸ்துமஸ்: வீட்டில் எல்லோருக்கும் ஒரு சின்னப் பை



டிசம்பர் பிறக்கப் போகிறது. வீட்டு வாசலில் ஸ்டார் கட்டணும், குடில் வைக்கணும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும், முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து சுடணும், கேரல் பாட்டுக்காரங்க வந்தா காணிக்கை போடணும். இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விழுகிறது என்பது நமக்குத் தெரியும். இதற்கு மேல் இப்போது டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிஃப்ட் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பது தப்பில்லை. ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காலுறைக்குள் பரிசு வந்த கதை

குளிர் நாடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பிள்ளைகள் காலுறையைத் தொங்கவிடுவார்கள். காலையில் எழுந்து பார்த்தால் அதற்குள் மிட்டாய், ஆரஞ்சுப் பழம், சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா வைத்துவிட்டுப் போனார் என்று சொல்லுவாங்க.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. இன்றைய துருக்கி நாட்டில் மீரா என்ற ஊரில் 4-ம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் புனித நிக்கோலாஸ். ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்கப் பணமில்லாததால் பெண்களைக் கட்டிக்கொடுக்க முடியவில்லை. இதைக் கேள்விப்பட்ட நிக்கோலாஸ், யாருக்கும் தெரியாமல் இரவில் வந்து பொற்காசுப் பையை அந்த வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனாராம். அது காயப் போட்டிருந்த காலுறைக்குள் விழுந்தது என்று பின்னாளில் கதையில் சேர்த்துச் சொன்னார்கள்.

சீர் இல்லாமல் பெண் வீட்டில் நிற்பது நமக்குத் தெரியாத கதையா? இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த வீட்டுக்கு எது தேவையோ அதுதான் பரிசாக வந்தது. இரண்டு, வாங்கினவர் தலையில் அது சுமையாக ஏறவில்லை. இந்த இரண்டும் இருந்தால் அது நல்ல பரிசு.

நமக்குக் காலுறை போடும் பழக்கமில்லை. பழைய சேலையில் தைத்த சுருக்குப்பை போதும். பனையோலைப் பெட்டி கிடைத்தால் இன்னும் அழகு. ஓலைப்பெட்டிக்கு மணப்பாடு பேர்போன ஊர். வாங்கினால் பின்னுகிற பெண்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

முதலில் ஒரு கணக்கு

பண்டிகைக்கு 10,000 ரூபாய் வெளியில் 5 வட்டிக்கு வாங்கினால், மாதம் 500 ரூபாய் வட்டி. அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது வட்டி மட்டும் 6,000 கட்டியிருப்போம். முதல் 10,000 அப்படியே நிற்கும். அதே 10,000 ரூபாயைக் குழுவில் 1 வட்டிக்கு உள்கடனாக வாங்கி, மாதம் 1,000 வீதம் முதலைக் குறைத்துக்கொண்டே வந்தால், 10 மாதத்தில் கடன் தீரும். கட்டிய மொத்த வட்டி 550 ரூபாய்தான். உங்கள் குழுவில் வட்டி வேறாக இருந்தால் அதற்குத் தகுந்தபடி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

தினவட்டி, மணிநேர வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் டிசம்பர் மாதம் வந்தால் வீடு தேடி வந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். "இப்ப வாங்கிக்கோங்க, பொறவு பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்தப் "பொறவு" எப்படி இருக்கும் என்று நம் குழுக்களில் பலருக்கும் தெரியும்.

பரிசுக்கு உள்கடன்கூட வேண்டாம். வீட்டில் ஆறு பேர் என்று வைப்போம். ஆளுக்கு 60 ரூபாய். மொத்தம் 360. நாலு வாரத்தில் சேர்க்க வாரம் 90 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 13 ரூபாய்க்கும் குறைவு. ஒரு டப்பாவில் போட்டு வந்தால் போதும்.

பை தைப்பது எப்படி?

பழைய சேலையில் நையாத பகுதியாகப் பார்த்து 10 அங்குல அகலம், 24 அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். நீளத்தின் இரண்டு முனையையும் ஒன்றரை அங்குலம் மடித்து, நாடா நுழைய இடம் விட்டுத் தையுங்கள். பிறகு துணியின் உட்புறம் வெளியே தெரிகிற மாதிரி இரண்டாக மடித்து, நாடா நுழையும் இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தையுங்கள். திருப்பிப் போட்டு நாடா கோர்த்தால் சுமார் 9 அங்குல அகலத்தில் பை தயார். மெஷின் இல்லாதவர்கள் கையால் தைக்கலாம். ஒரு குடும்பத்துக்குத் தேவையான பைகள் பாதிச் சேலையிலேயே வந்துவிடும்.

பண்டிகை முடிந்தாலும் பை வீணாகாது. காய்கறி வாங்க, ரேஷன் கார்டு வைக்க உதவும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பது நமக்குத் தெரிந்ததுதானே.

யாருக்கு என்ன வைக்கலாம்?

விலைகள் நாங்கள் உத்தேசமாகப் போட்டவை. உங்கள் ஊர்ச் சந்தையில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

*மாமியாருக்கு:* பித்தவெடிப்புக்குத் தடவும் களிம்பு (20 ரூபாய்), கருப்பட்டி மிட்டாய் (15), ஊசியில் நூல் கோர்க்கும் கம்பி (10). மொத்தம் 45. பார்வை மங்கியவர்களுக்கு அந்தச் சின்னக் கம்பி பெரிய உதவி. "நூலைக் கோர்த்துத் தா" என்று யாரையும் கூப்பிட வேண்டாம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ஏழு காலித் தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டி, கிழமைக்கு ஒரு கலர் தாள் சுற்றிக் கொடுங்கள். மாத்திரையை அட்டையோடு கத்தரித்து வைக்கணும், பிரித்து வைக்கக் கூடாது. இன்றைக்குச் சாப்பிட்டேனா இல்லையா என்ற குழப்பம் தீரும்.

*கணவருக்கு:* சின்ன டார்ச் (50), சட்டைப் பையில் வைக்கும் நோட்டு (10). மொத்தம் 60. வயலுக்கும் கடலுக்கும் இருட்டில் போகிறவர்களுக்கு டார்ச் உதவும். நோட்டின் முதல் பக்கத்தில் "டிசம்பர் வரவு செலவு" என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். செலவை எழுத ஆரம்பித்தால் சில செலவு தானாகக் குறையும்.

*பள்ளிக்குப் போகும் மகளுக்கு:* நாப்கின் பாக்கெட் (35), முடிக்கு கிளிப் (10), பேனா (10), ஜிப் (5). மொத்தம் 60. மீதித் துணியில் ஒரு சின்னப் பை தைத்து ஜிப் வைத்துவிட்டால், பள்ளிக்கு நாப்கின் கொண்டுபோகக் கூச்சமிருக்காது. பரிசோடு சேர்த்து, "எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

*மகனுக்கு:* கைக்குட்டை (20), ஊசி, நூல், நாலு பொத்தான் (15), பேனா (10), கடலை மிட்டாய் (10). மொத்தம் 55. ஆம்பளப் பிள்ளைக்கு ஊசி நூலா என்று சிரிக்காதீர்கள். அவன் சட்டைப் பொத்தானை அவனே தைக்கட்டும்.

*ஆறு வயதுக் கடைக்குட்டிக்கு:* கிரேயான் (20), பம்பரம் (20), கடலை மிட்டாய் (10). மொத்தம் 50. இதோடு காசில்லாமல் அட்டையில் வரைந்த பரமபதம், தாயம் ஆடச் சோழி அல்லது புளியமுத்து வைக்கலாம்.

*உங்களுக்கு:* நல்ல சீப்பு (20), கைக்குட்டை (20), களிம்பு (20). மொத்தம் 60.

கூட்டினால் 330 ரூபாய். மீதி 30 ரூபாய் நாடாவுக்கும் நூலுக்கும்.

களிம்பு செய்முறை

தேன் மெழுகு 25 கிராம், தேங்காய் எண்ணெய் 100 மில்லி. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறவர்களிடம் மெழுகு கிடைக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் இன்னொரு சின்னப் பாத்திரம் வைத்து மெழுகையும் எண்ணெயையும் உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். உருகினதும் காய்ந்த டப்பாக்களில் ஊற்றி ஆறவிடுங்கள். ஐந்து சின்ன டப்பா வரும். இரவில் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத் தடவணும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் புண்ணோ ஆழமான வெடிப்போ இருந்தால் களிம்பை நம்பி இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதை வைக்கக் கூடாது?

1. சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள குன்றிமணியைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். மென்றுவிட்டால் கொடிய விஷம்.

2. பட்டன் பேட்டரி போட்ட மலிவு விளையாட்டுப் பொருட்கள் வேண்டாம். குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கினால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும்.

3. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் சோழி, புளியமுத்து, பொத்தான் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. முழுக் கடலை சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

காசில்லாத பரிசு

எங்களுக்குப் பிடித்தது இதுதான். ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வேலையை எழுதிப் பையில் போடுவது. "ஜனவரி முழுக்கக் குடத்துத் தண்ணி நான் எடுப்பேன்." "ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் நான் கழுவுவேன்." "ஆச்சியை மாசம் ஒருதரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்." எழுதத் தெரியாதவர்கள் படம் வரையலாம். சொன்னபடி செய்யணும், அது மட்டும்தான் நிபந்தனை.

போன வருஷம் எங்கள் கூட்டமைப்பில் ஒரு அக்கா இப்படி வீட்டுக்குப் பை தைத்தார். கணவர், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று எண்ணி ஐந்து பை. கிறிஸ்துமஸ் அன்று காலையில் எல்லோரும் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அம்மா, உன் பை எங்க?" என்று கேட்டாளாம். அக்கா, "எனக்கு எதுக்குட்டி?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். சாயங்காலம் அரிசிப் பானைக்குள் கையை விட்டால் ஒரு துணிப் பொட்டலம். அதில் ஒரு சேஃப்டி பின் அட்டையும் நாலு சீட்டும். பிள்ளைகள் மூன்று பேரும் ஆளுக்கொரு வேலை எழுதியிருந்தார்கள். நாலாவது சீட்டில் கணவர் கையெழுத்தில், "செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்குப் போகும்போது வீட்டை நான் பார்த்துக்கிறேன்" என்று இருந்ததாம்.

"பத்து வருஷமா குழுவில் இருக்கேன். கூட்டத்துக்குப் போறதுக்குத்தான் வீட்டுல சண்டை வரும். அந்தச் சீட்டை இன்னும் பாஸ்புக்குள்ள வச்சிருக்கேன்" என்று அக்கா கூட்டத்தில் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் கண் கலங்கியது.

அதனால்தான் மேலே உள்ள கணக்கில் உங்களையும் சேர்த்து ஆறு பேர் என்று போட்டோம். வீட்டில் ஆள் எண்ணும்போது நம்மை விட்டுவிட்டு எண்ணுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. இந்த டிசம்பரில் முதல் பையை உங்களுக்குத் தையுங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

ஊக்குநரும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். மெழுகு, எண்ணெய், நூல், நாடா இவற்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்கினால் விலை குறையும். தையல் தெரிந்த உறுப்பினர் ஒரு மதியம் மற்றவர்களுக்குச் சொல்லித் தரலாம். பைகளைக் கூடுதலாகத் தைத்துக் கோயில் அசனத்திலோ சந்தையிலோ விற்க நினைத்தால், துணி, நாடா செலவோடு உங்கள் கூலியையும் சேர்த்து விலை வையுங்கள். கூலியைச் சேர்க்காமல் விற்பது நஷ்டம்தான்.

அடுத்த ஜனவரியிலிருந்து "பண்டிகைச் சேமிப்பு" என்று வாரம் 20 ரூபாய் தனியாகப் போடத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். 50 வாரத்தில் 1,000 ரூபாய் கையில் இருக்கும். கிறிஸ்துமஸ் கொண்டாடாத சகோதரிகள் பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ எடுத்துக்கொள்ளலாம். பை எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டுப் பையில் என்ன வைத்தீர்கள், என்ன சீட்டு வந்தது என்று ஜனவரி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறோம்.

அனைவருக்கும் கடனில்லாத கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!