வாய் மூடிய வானொலி

திருப்பூருக்குப் பக்கத்திலுள்ள முதலிபாளையத்தில் மௌனம் என்பது அபூர்வமான சரக்கு. சிட்கோ தொழிற்பேட்டையில் பின்னல் யந்திரங்கள் சுழல்கின்றன. தையல் யந்திரங்கள் கடகடக்கின்றன. பனியன் மூட்டைகளை ஏற்றிய வண்டிகள் ஓயாமல் போய் வருகின்றன. இத்தனை சப்தத்துக்கு நடுவே, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மட்டும் நாற்பது நாளாக மௌனம் குடிகொண்டிருந்தது. அந்த வீட்டின் பழைய ஸ்டீரியோ ரிசீவர் வாய் மூடிக்கொண்டதுதான் காரணம்.

"ஒரு பெட்டி பாடாவிட்டால் குடியா முழுகிப் போய்விடும்?" என்று நேயர்கள் கேட்கலாம். அந்த வீட்டு ஆத்தாவைப் பொறுத்த வரையில் குடி முழுகித்தான் போயிருந்தது. அவருக்கு வயது எண்பதுக்கு மேல். கண் பார்வை மங்கி ஐந்து வருஷமாகிறது. பத்திரிகை வாசிக்க இயலாது. டெலிவிஷன் இருந்தும் இல்லாததற்குச் சமானம். காலையில் கோயமுத்தூர் நிலையம் பேச ஆரம்பித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். செய்தி முடிந்தால் காபி. விவசாய நிகழ்ச்சி முடிந்தால் மருந்து. இப்படியாக வானொலியே அவருக்குக் கடிகாரமாகவும் பத்திரிகையாகவும் பேச்சுத் துணையாகவும் இருந்து வந்தது.

பெட்டி சாமான்யமானதன்று. 1981-ஆம் வருஷத்தில் ஆத்தாவின் கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த ஜப்பான் சரக்கு. வெள்ளி நிற முகப்பு, கனத்த குமிழ்கள், உள்ளே பச்சை விளக்கு. வானொலி வைத்திருப்பவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டி வந்த காலம் அது. அக்கட்டணம் 1980-களில் ஒழிந்தது, பெட்டி நிலைத்தது.

அது பேச்சை நிறுத்தியதும், ஆத்தாவின் மகன் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றார். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், "இரண்டு பக்கமும் எரிந்துவிட்டது, சாமான் கிடைக்காது. நாலாயிரத்தைந்நூறு ஆகும். இல்லாவிட்டால் அறுநூறு ரூபாய்க்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றாராம்.

"ஏனுங்க வாத்தியாரே, பேசாமப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டு, சின்னதா ஒரு ஸ்பீக்கர் வாங்கிக்கலாமுன்னு பாக்கறனுங்க. அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றார் மகன்.

ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது பேசாம வூடு வூடாட்டமே இல்ல, கண்ணு. அந்தக் குமுளு எங்கெங்க இருக்குதுன்னு எங்கையிக்குத் தெரியும். புதுசுல நான் எதைன்னு தடவிப் பாக்கறது?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

இரு செவிக்கு இரு வழி

ஸ்டீரியோ என்பது என்ன? நமக்குக் காது இரண்டு. ஓசை எந்தத் திக்கிலிருந்து வருகிறதென்று அவ்விரண்டையும் கொண்டே அறிகிறோம். ஆகவே பாட்டையும் இரண்டு தனி வழிகளில் அனுப்பினால், வித்வான் எதிரே அமர்ந்து பாடுவது போலவே தோன்றும். இந்த உபாயத்துக்கு 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியியல் நிபுணர் காப்புரிமைக்கு மனுச் செய்தார். அப்போது அவருக்கு வயது 28.

இதில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ரிசீவருக்குள் இடது பக்கத்துக்கு ஒரு வழி, வலது பக்கத்துக்கு ஒரு வழி. இரண்டும் ஒரே கணத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போவது அபூர்வம். ஒரு பக்கம் மட்டும் ஊமையானால், குற்றம் அந்தப் பக்கத்து வழியில் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஊமையானால், இரண்டுக்கும் பொதுவான இடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். "இரண்டு பக்கமும் எரிந்துவிட்டது" என்ற தீர்ப்பை நான் உடனே நம்பாததற்குக் காரணம் இதுதான்.

நாடி பார்த்தல்

வைத்தியர் கத்தியை எடுக்கும் முன் நாடியைப் பார்க்கிறார். நாமும் திருகாணியைத் தொடும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது: விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் சுவர் ப்ளக், மின் கம்பி, பியூஸ் என்ற வரிசையில் பார்க்கலாம். பியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ளதையே போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவது, காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். அயல் நாட்டுப் பெட்டியானால் பின்புறம் 110, 220 என்ற வோல்டேஜ் மாற்றி இருக்கக்கூடும். அது 110-ல் இருக்க, நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் அப்புறம் வைத்தியத்துக்கு வேலை இராது.

இரண்டாவது: 'டிக்' என்ற ஓசை கேட்கிறதா? மின்சாரம் போட்ட சில விநாடிகளில் பல ரிசீவர்களில் இவ்வோசை எழும். உள்ளேயிருக்கும் ரிலே என்னும் காவலாளி, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் நேர்மின்சாரம் கசிகிறதா என்று சோதித்து, இல்லையென்று கண்ட பிறகே கதவைத் திறக்கிறான். நேர்மின்சாரம் பாய்ந்தால் ஸ்பீக்கரின் சுருள் வெந்துபோகும். 'டிக்' வரவில்லையென்றால் உள்ளே உண்மையான வியாதி இருக்கக்கூடும். அப்போது ரிலேயைத் தாண்டிக் கம்பி இணைப்பது ஸ்பீக்கரையும் பலி கொடுப்பதாகும்.

எங்கள் பெட்டியில் விளக்கு எரிந்தது. நாலு விநாடியில் 'டிக்' என்றது. எனக்கு நம்பிக்கை பிறந்தது. பவர் பகுதி எரிந்துபோன பெட்டியில் காவலாளி இவ்வளவு தைரியமாகக் கதவைத் திறக்கமாட்டான்.

மூன்றாவது: ஸ்பீக்கர் பொத்தான் ஏ, பி என்பதில் சரியான பக்கம் இருக்கிறதா? கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா? இருந்தன.

நாலாவது: வேறு வாய் வழியாக ஊட்டினால் விழுங்குகிறதா? மகனுடைய கைப்பேசியை 'ஆக்ஸ்' துளையில் இணைத்துப் பாட்டு வைத்தோம். அதுவும் கேட்கவில்லை. ஆகவே வானொலிப் பகுதிமேல் குற்றமில்லை. வானொலியும் கைப்பேசியும் கூடும் இடத்துக்கும், ஸ்பீக்கருக்கும் இடையே எங்கோ பாலம் முறிந்திருக்கிறது.

ஆத்தாவின் சாட்சியம்

"ஆத்தா, பேச்சு நின்ற அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது? இடி இடித்ததா? மின்சாரம் போய் வந்ததா?" என்று கேட்டேன்.

ஆத்தா யோசித்தார். "இடியுமில்ல, மழையுமில்ல. அன்னிக்குத்தான் அந்தக் கேசட்டுப் பொட்டிய எடுத்துட்டுப் போனாங்க, கண்ணு."

அதுதான் துப்பு! கேசட் அறுந்து அறுந்து போனதால், ரிசீவருக்குக் கீழே இருந்த டேப் டெக்கைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே ரிசீவர் ஊமையாகிவிட்டது.

முகப்பைப் பார்த்தேன். 'டேப் மானிட்டர்' என்ற சிறு பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. அந்தப் பொத்தானின் வேலை விசித்திரமானது. அதை அமுக்கினால், எந்த நிகழ்ச்சியும் நேரே ஸ்பீக்கருக்குப் போகாது; பின்புறத் துளை வழியாக டெக்குக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வருவதுதான் ஸ்பீக்கரை அடையும். பல டெக்குகள், கேசட் ஓடாத சமயத்திலும், வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ரிசீவரின் முதுகிலுள்ள மின் துளையிலேயே டெக்கைச் செருகியிருந்ததால், இரண்டும் ஒன்றாகவே விழித்து ஒன்றாகவே உறங்கின. எத்தனையோ வருஷமாகக் கோயமுத்தூர் நிலையம் அந்த டெக்கைச் சுற்றிக்கொண்டுதான் ஆத்தாவின் காதுக்கு வந்திருக்கிறது! டெக் போனதும் பாதை அறுந்தது.

பொத்தானை வெளியே விட்டேன். இடது ஸ்பீக்கர் பேசியது. வலது ஸ்பீக்கர் கரகரவென்று தொண்டையைக் கனைத்தது, ஆனால் பேசவில்லை.

பஞ்சும் துருவும்

இதற்குக் காரணம் கண்டுபிடிப்பது திருப்பூர்ப் பக்கத்தாருக்குக் கஷ்டமன்று. இங்கே காற்றிலேயே பஞ்சு பறக்கிறது. அது காற்றுத் துவாரங்கள் வழியே நுழைந்து மெத்தை விரிக்கிறது. உஷ்ணம் வெளியேறாமல் தடுக்கிறது. நெடுநாள் அசையாத பொத்தான்களின் உலோக முனைகளிலோ களிம்பு படர்கிறது.

மின்சாரத்தை நிறுத்தி, ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, அந்தப் பொத்தானை முப்பது தடவை அமுக்கி அமுக்கி விட்டேன். வால்யூம் முதலிய குமிழ்களையும் அப்படியே இரு கோடிக்கும் திருப்பினேன். ஒன்றோடொன்று உராய்ந்து களிம்பு நீங்கும். இதற்கும் மசியாவிட்டால், மின் தொடர்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் திரவத்தைத் துளி விடலாம். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கூடவே கூடாது. மறுபடி மின்சாரம் போட்டபோது இரண்டு பக்கமும் பேசின.

நிற்க. எல்லாப் பெட்டிகளும் இப்படிப் பொத்தானிலேயே குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 'டிக்' வராத பெட்டியையும் பியூஸை மறுபடி மறுபடி எரிக்கும் பெட்டியையும் கைதேர்ந்தவரிடமே கொடுக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயுள்ள பெரிய கெப்பாஸிடர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறப்பது அபாயம். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண ஒரு வழி உண்டு. சந்தேகமான பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகமாட்டார்; அறுபது அல்லது நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துப் பார்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய குறுக்குத் தொடர்பு இல்லை. பிரகாசமாகவே நின்றால் உள்ளே குறுக்குத் தொடர்பு இருக்கிறது என்று பொருள்.

பழுது பார்ப்பதும் சுதேசியமே

கைராட்டினத்தையும் கதரையும் போற்றிய ஊர் திருப்பூர்; 1932-ல் கொடி காத்து உயிர் நீத்த குமரனின் ஊர். இதே கொங்கு நாட்டில் பிறந்த ஜி. டி. நாயுடு, 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். யந்திரத்தைக் கண்டு பயப்படாமல் அதன் உள்ளே எட்டிப் பார்த்த மனிதர் அவர். அந்தத் தைரியம் நமக்கும் வேண்டும். வாங்குவதற்கு மட்டும் தெரிந்து, பழுது பார்க்கத் தெரியாத ஜனங்கள் பிறர் கையை எதிர்பார்த்தே இருக்க வேண்டியதுதான். பொருள்களைப் பழுது பார்த்துக்கொள்வது நுகர்வோரின் உரிமை என்ற நோக்கத்துடன், இந்திய சர்க்காரும் 2022 டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. ஆனால் உரிமை தாளில் இருந்தால் போதாது. அடுத்த தெருவில் திருகாணியும் பொறுமையும் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். நம் பையன்களும் பெண்களும் அந்த ஒருவராக வளரக்கூடாதா?

நான் விடைபெறும் சமயம் மகன், கடைக்காரர் கேட்ட தொகையை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆத்தா சிரிக்கவில்லை. பெட்டியின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தடவாமலே கையை நீட்டிக் குமிழைப் பிடித்து, சப்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"செய்தி வர்ற நேரமாச்சு, கண்ணு. நீ போறப்பக் கதவைச் சாத்தீட்டுப் போ. தறிச் சத்தம் உள்ள வருது" என்றார்.