ஒரே மண், வேறு வேறு கண்

ஸ்கெலட்டன் என்ற பெயரைக் கேட்டதும், ஆங்கிலம் பயின்ற புதியவர் எலும்புக்கூட்டை எண்ணுவார். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவருக்கோ அது பழகிய ஓர் இடத்தின் பெயர். உற்றார் உறவினரின் முகங்களே அவர் நினைவில் எழும். சொல் ஒன்று, அது எழுப்பும் உலகம் இரண்டு. நாம் காண்பதும் கேட்பதும் நம் வாழ்வின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன என்பதற்குத் தங்கவயலைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் சென்று குடியேறினர். நாளடைவில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் பாறை தன்மீதுள்ள பெரும் பாரத்தைத் தாங்காமல் திடீரென வெடிப்பதுண்டு. அதனை அங்குள்ளோர் 'ஏர் பிளாஸ்ட்' என்று வழங்கினர். அதன் அதிர்வு மேலே உள்ள வீடுகளையும் எட்டும்.

அவ்வதிர்வை எண்ணிப் பாருங்கள். வந்திருக்கும் விருந்தினருக்கு அது பாத்திரங்கள் சலசலக்கும் ஒரு நொடி. நிலநடுக்கமானியைக் கவனிப்பவருக்குத் தாளில் ஒரு கோடு. கணவன் ஷிப்டுக்குச் சென்றிருக்கும் பெண்ணுக்கோ, அவன் வாசற்படி ஏறும்வரை முடிவுறாத நேரம். நிலம் அனைவருக்கும் ஒரே அளவுதான் அதிர்ந்தது. அனுபவம் ஒன்றாக இருக்கவில்லை.

சுரங்கத் தொழிலாளிக்கு அச்சமூட்டிய அதே பாறையை அறிவியலார் அரணாகக் கண்டனர். வானிலிருந்து வரும் பிற துகள்களை அது தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை 1965இல் அங்கே கண்டனர்.

எனினும், எல்லாம் பார்வையே என்று சொல்லிவிட முடியுமா? சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, குன்றுகளாக இன்றும் நிற்கிறது. படம் எடுப்போருக்கு அது காட்சி. சிறுவர்க்கு ஏறி விளையாடும் மேடு. எவர் எப்படிக் கண்டாலும், காற்று வீசினால் அதன் தூசி வீட்டுக்குள் வரத்தான் செய்யும். பாறைத்தூசி படிந்த நுரையீரலும் பார்வையை மாற்றுவதால் தேறிவிடாது. பார்வை நம் அனுபவத்தை உருவாக்குகிறது. பொருளின் இயல்பை அழிப்பதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பலர் வேலைக்காக விடியலில் பெங்களூர் ரயிலேறுகின்றனர். பலர் வேற்றூர்களில் குடியேறிவிட்டனர். 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' என்னும் கன்னடத் திரைப்படத்தின் கற்பனையையே நம் பிள்ளைகள் பலர் தங்கவயலாக அறிகின்றனர். பிறர் கண்ணால் மட்டுமே தம் ஊரைக் காண்பவர், நாளடைவில் தம்மையும் அவ்வாறே காண்பர்.

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைகளை அவர் அருகில் அமர்த்துங்கள். நிலம் அதிர்ந்த நாட்களில் அவர் என்ன எண்ணினார் என்று கேட்கச் சொல்லுங்கள். பெருமையை மட்டுமன்றித் தூசியையும் அவர் சொல்லட்டும். எந்தக் கருவியும் பதிவு செய்யாத செய்தி அது.